மூக்கைத் தாழ வைத்தவர்

"ஒண்ணரை வருசமாச்சுங் மாஸ்டர். இன்னும் எனக்கு ஒண்ணும் சொல்லித் தரலை."

நாச்சிமுத்து இப்படிக் குறைப்பட்டபோது அம்சவேணி ஒரு காரின் பானட்டுக்குள் தலையை விட்டிருந்தார். தலையை வெளியே எடுக்கவில்லை. கையை மட்டும் நீட்டினார்.

"துணி."

நாச்சிமுத்து எடுத்துக் கொடுத்தார். பழைய வேட்டியைக் கிழித்து, துவைத்து, காயவைத்து, மடித்து வைத்த துண்டு. மாஸ்டர் அதைப் பந்தாகச் சுருட்டி, கழற்றிய காற்றுக் குழாயின் வாயில் அடைத்தார்.

அந்த ஷெட்டில் அது சட்டம். இன்ஜினில் எந்தக் குழாயைக் கழற்றினாலும் அடுத்த நொடி அதன் வாயில் துணி இருக்க வேண்டும். போன் அடித்தால் அப்புறம் எடுக்கலாம். வாசலில் சாமியே வந்து நின்றாலும் சித்த நேரம் நிற்கட்டும்.

"இதைத்தானுங் ஒண்ணரை வருசமாப் பண்றேன். துணி துவைக்கறேன், மடிக்கறேன், அடைக்கறேன். ஒரு கார் எப்படி வேகமாப் போகுதுன்னு கேட்டா மட்டும் வாயத் தொறக்க மாட்டீங்கறீங்க."

மாஸ்டர் அடைத்த துணியை விரலால் ஒருமுறை அழுத்திப் பார்த்தார்.

"இன்னொரு துணி," என்றார்.

*

நாச்சிமுத்துவுக்கு வயது ஐம்பத்து நாலு. மாஸ்டருக்கு முப்பத்தேழு. குரு சிஷ்யரை 'அண்ணா' என்பார். சிஷ்யர் குருவை 'மாஸ்டர்' என்பார். கோயமுத்தூரில், கணபதிக்குப் பக்கத்தில் இருந்த அந்த ஷெட்டில் இதை யாரும் விசித்திரமாக நினைக்கவில்லை.

ஷெட்டுக்கு வரும் முன் இருபத்தெட்டு வருசம் நாச்சிமுத்து பம்பு செட் கம்பெனியில் இருந்தவர். கிணற்று மேட்டில் நின்று மோட்டார் சத்தத்தைக் கேட்டே அதன் நோயைச் சொல்லுவார். மனைவி ருக்மணிக்கு இரண்டு சிறுநீரகமும் போனபிறகு, செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள் அவளை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போக வேண்டியதாயிற்று. கம்பெனி அதற்கு ஒத்துவரவில்லை. அம்சவேணி ஒத்துக்கொண்டார்.

"உங்களுது வேலை தெரிஞ்ச கைதானுங்ணா. ஆனா பம்பை மறக்கோணும்," என்று முதல் நாளே சொன்னார்.

நாச்சிமுத்து மறக்கவில்லை. இருபத்தெட்டு வருசத்தை எவன் மறப்பான்?

பம்புக்காரனுக்குக் காற்றுதான் எதிரி. உறிஞ்சுகிற குழாயில் காற்று புகுந்துவிட்டால் மோட்டார் ஓடும், தண்ணீர் ஏறாது. அப்போது குழாயின் வாய் வரைக்கும் தண்ணீரை ஊற்றுவார்கள். சுவிட்சைப் போடுவார்கள், நிறுத்துவார்கள், மறுபடி போடுவார்கள். நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ கப்பென்று பிடித்துக்கொள்ளும். விட்டு விட்டுப் போட்டால் பிடிக்காத பம்பே கிடையாது என்பது அவர் கையில் ஊறிப்போன நம்பிக்கை.

இன்னொன்றும் அவர் கையில் ஊறியிருந்தது. உறிஞ்சுகிற வாய் எவ்வளவு தாழ இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

*

ஐப்பசி பிறந்த பிறகு ஒரு திங்கட்கிழமை காலையில் நாச்சிமுத்து தன் பதினாறு வருசக் காரை உறுமவிட்டுக்கொண்டே ஷெட்டுக்குள் கொண்டுவந்து நிறுத்தினார்.

"சத்தம் கேட்டீங்களா மாஸ்டர்?"

"கேட்டேன்."

"எப்படி?"

மாஸ்டர் பானட்டைத் தூக்கினார். இன்ஜினின் மேல்மூலையில் இருக்க வேண்டிய கறுப்புக் காற்று டப்பாவைக் காணோம். அதற்குப் பதில் பளபளவென்று ஒரு அலுமினியக் குழாய் வளைந்து, கீழே இறங்கி, முன் பம்பருக்குப் பின்னால் போய் நின்றது. அதன் நுனியில் சிவப்புக் கூம்பாக ஒரு ஃபில்டர். தரையிலிருந்து ஒன்றரை சாண் உயரம்.

டவுனில் ஒரு கடையில் ஞாயிற்றுக்கிழமை மாட்டியது. மாஸ்டரிடம் கேட்கவில்லை. கேட்டால் துணி மடிக்கச் சொல்லுவார்.

"மேல இருக்கறது இன்ஜின் சூட்டுல வெந்த காத்துங். கீழ இருக்கறது குளுந்த காத்து. குளுந்த காத்து நெறையப் போனா வேகம் வரும். சரிதானுங்?"

"சரிதான்," என்றார் மாஸ்டர்.

நாச்சிமுத்துவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஒன்றரை வருசத்தில் மாஸ்டர் வாயிலிருந்து வந்த முதல் 'சரி'.

"பம்பருக்கு முன்னால உக்காருங்ணா," என்றார் மாஸ்டர்.

உட்கார்ந்தார்.

"மூக்கை அந்த ஃபில்டர் இருக்கற உசரத்துக்குக் கொண்டு வாங்க."

அதற்குக் கிட்டத்தட்ட சாஷ்டாங்கமாகப் படுக்க வேண்டியிருந்தது. படுத்தார். ஏதோ பெரிய சூட்சுமம் சொல்லப்போகிறார் என்ற ஆசை.

"பம்புக்கு மூக்கை எங்க வைப்பீங்க?"

"தண்ணி இருக்கற எடத்துலதானுங்."

ஷெட்டைக் கழுவிவிட்ட தண்ணீர் ஓரமாகத் தேங்கி நின்றது. மாஸ்டர் ஈர்க்குமாறை எடுத்தார். ஒரே தள்ளு. அழுக்குத் தண்ணீர் அலையாக வந்து நாச்சிமுத்துவின் மூக்கில் ஏறியது.

அவர் இருமினார். தும்மினார். கண்ணெல்லாம் எரிந்தது. எழுந்து நிற்பதற்குள் மானம் பாதி போயிருந்தது.

"இதுக்கா என்னைப் படுக்கச் சொன்னீங்க?"

"இன்னைக்கே கழட்டிப் போட்டு பழைய டப்பாவை மாட்டீருங்ணா. மழைக் காலம்."

"நல்லதை நல்லதுன்னு சொல்ல உங்களுக்கு மனசு வரலீங். நாளையிலிருந்து நான் வர்றதா இல்லை."

"துணி மடிச்சது பாதி கெடக்குது," என்றார் மாஸ்டர்.

நாச்சிமுத்து காரை எடுத்துக்கொண்டு போனார். வேண்டுமென்றே இரண்டு தடவை உறுமவிட்டார்.

*

மறுநாள் செவ்வாய்க்கிழமை. பொள்ளாச்சிப் பக்கம் ருக்மணியின் அண்ணன் மகளுக்குச் சீர். அத்தையும் மாமனும் போய் நிற்காவிட்டால் காலத்துக்கும் சொல்லிக் காட்டுவார்கள். டயாலிசிஸைப் புதன்கிழமைக்கு மாற்றிக் கேட்டார்கள். புதன்கிழமை மெசின் காலி இல்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

"வியாழக்கிழமை வரைக்கும் தாக்குப் பிடிப்பனுங்க," என்றாள் ருக்மணி.

சரி என்று தலையாட்டியவர் நாச்சிமுத்துதான்.

அவளுக்கு ஒரு நாளைக்கு எண்ணூறு மில்லி தண்ணீர்தான். காபி, ரசம், மாத்திரை விழுங்குகிற தண்ணீர் எல்லாம் அதற்குள். நாச்சிமுத்து தினமும் காலையில் ஒரு பாட்டிலில் அளந்து ஊற்றிக் கையில் கொடுப்பார். சமையலறைக் குடத்தின் மேல் தட்டைக் கவிழ்த்து அதன்மேல் அம்மிக் குழவியை வைத்துவிடுவார். தண்ணீர் மிஞ்சினால் காலில் இறங்கும், அதையும் தாண்டினால் நுரையீரலுக்குப் போகும் என்று டாக்டர் சொன்னதை அவர் ஒருநாளும் மறந்ததில்லை.

சீர்ப் பந்தலில் அவர் மச்சான்மார்களைக் கூட்டிவைத்துக் காரை உறுமவிட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தபோது பந்தியில் ருக்மணியின் கையில் மோர் டம்ளர். காலியாகியிருந்தது.

"பாட்டில் தண்ணி போக இதுவுமா?"

"வெயிலுங்க. ஒரே ஒரு டம்ளருதானுங்க."

"ஒரே ஒண்ணு, ஒரே ஒண்ணுன்னுதான் எல்லாம் போகுது. உனக்கு நாக்கு முக்கியம், உசுரு முக்கியமில்லை. நான் எதுக்கு அளந்து அளந்து ஊத்தறேன்?"

பத்துப் பேர் முன்னால் சொன்னார். அதோடு அவளிடம் பேச்சை நிறுத்திக்கொண்டார். அவர் கோபம் அப்படி, மூன்று நாளைக்குக் குறையாது.

புதன்கிழமை இரவு ருக்மணியால் படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு முட்டியது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே விடிய வைத்தாள். விடியும்போது மழை பிடித்தது.

*

வியாழக்கிழமை மத்தியானம் ஒன்றரை மணிக்குக் கிளம்பினார்கள். மெசின் மூன்று மணிக்கு. மூன்றே காலுக்குள் வராவிட்டால் அடுத்த ஆளைப் போட்டுவிடுவோம், உங்களுக்கு சனிக்கிழமைதான் என்று நர்ஸ் போனில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

சனிக்கிழமை வரைக்கும் ருக்மணி இருக்க மாட்டாள். அது நாச்சிமுத்துவுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். இரண்டு பேரும் அதைப் பேசவில்லை.

ஆஸ்பத்திரி ரயில்பாதைக்கு அந்தப் பக்கம். மேம்பாலத்தில் வண்டிகள் அசையாமல் நின்றன. மிச்சமிருந்தது ரயில் பாலத்தடி வழி. ரயில் மேலே போகும், ரோடு கீழே குழியாக இறங்கி ஏறும். மழை பெய்தால் ஊர்த் தண்ணீர் முழுக்க அங்கேதான் வந்து நிற்கும்.

இறக்கத்தில் நிறுத்திப் பார்த்தார். குழியில் முழங்கால் அளவு தண்ணீர். ஒரு டவுன் பஸ் சாவகாசமாகப் போய் மேட்டில் ஏறியது.

"போலாமுங்க, பஸ்ஸே போகுது," என்றார் ஒரு ஆட்டோக்காரர். தன் ஆட்டோவை அவர் இறக்கவில்லை.

நாச்சிமுத்து பக்கத்து சீட்டைப் பார்த்தார். ருக்மணி டாஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு, தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். உதட்டோரம் வெளுத்திருந்தது.

வேகமாக விட்டால் தாண்டிவிடலாம். அதற்குத்தானே குழாய் மாட்டியது?

விட்டார்.

தண்ணீர் இரண்டு பக்கமும் சிறகாக எழும்பியது. எதிரே இன்னொரு பஸ் இறங்கி வந்தது. அது தள்ளிய அலை வந்து பம்பரில் மோதி பானட்டின் மேல் ஏறியது. ஒரு நொடி இன்ஜின் மூக்கடைத்த மாதிரி முனகியது. அப்புறம் சத்தமே இல்லை.

குழியின் நட்டநடுவில் கார் நின்றுவிட்டது.

கை தானாகச் சாவிக்குப் போனது. அவர் நினைத்துச் செய்யவில்லை. இருபத்தெட்டு வருசம் செய்தது. நின்றுபோனதா, மறுபடி போடு.

திருப்பினார்.

'டக்.'

அவ்வளவுதான். இரும்போடு இரும்பு இடித்த சத்தம். ஸ்டார்ட்டர் சுற்றவே இல்லை.

திங்கட்கிழமை மூக்கில் ஏறிய அழுக்குத் தண்ணீர் ஞாபகம் வந்தது. மறுபடி ஒருமுறை எரிந்தது.

*

108-க்குப் போன் போட்டார். மேம்பாலத்தில் மாட்டியிருக்கிறோம், நாற்பது நிமிசம் ஆகும் என்றார்கள்.

அப்புறம் வெட்கத்தை விட்டு மாஸ்டருக்குப் போட்டார். அவசரத்தில் ஸ்பீக்கர் அழுந்திக்கொண்டது.

"பாலத்தடியில நின்னுபோச்சுங் மாஸ்டர். ருக்மணி கூட இருக்கறா. மூச்சு வாங்குது. மூணு மணிக்கு மெசினுங்."

"எவ்வளவு தண்ணி?"

"பம்பர் முழுகிப் போச்சுங்."

"நின்ன பொறவு சாவியைத் திருப்பினீங்களா?"

ருக்மணி அவரைப் பார்த்தாள்.

"இல்லீங்," என்றார் நாச்சிமுத்து.

ருக்மணி முகத்தைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"திருப்பாதீங்க. அது வயித்துல தண்ணி இருக்குது. காத்தா இருந்தா நசுங்கும், தண்ணி நசுங்காது. நீங்க திருப்பினா உள்ள ஒடையும், இன்னும் இழுத்துக் குடிக்கவும் குடிக்கும். சாவியை வெளிய எடுத்து வைங்க. நடந்து வர்றேன்."

மணி ஒன்று ஐம்பத்தைந்து.

கதவுக்கு அடியில் தண்ணீர் கசிந்து கால் மிதியடி மிதந்தது. பாலத்தின் மேலே ஒரு ரயில் போனது. போய் முடிகிற வரைக்கும் எதுவும் கேட்கவில்லை. முடிந்ததும் ருக்மணியின் மூச்சு மட்டும் கேட்டது. உள்ளே எங்கேயோ கொதிக்கிற மாதிரி ஒரு சத்தம் அதில் இருந்தது.

இரண்டு மணி. மாஸ்டரைக் காணோம்.

இரண்டு ஐந்து.

சாவியை அவர் இன்னும் எடுக்கவில்லை. விரல்கள் அதன்மேல் இருந்தன. முதல் தடவை பிடிக்காததெல்லாம் இரண்டாம் தடவை பிடித்ததை அவர் ஆயிரம் கிணற்றில் பார்த்திருக்கிறார். மாஸ்டர் பெரிய கெட்டிக்காரிதான். ஆனால் இங்கே மூச்சு முட்டி உட்கார்ந்திருப்பது மாஸ்டர் வீட்டு ஆளா? இன்னும் ஒரே ஒரு தடவை. பிடித்துவிட்டால் ஏழே நிமிசத்தில் ஆஸ்பத்திரி.

விரல்கள் இறுகின.

"ஏனுங்க."

இரண்டு நாளைக்கு அப்புறம் அவள் அவரைக் கூப்பிட்டாள்.

"தாகமா இருக்குதுங்க. ஒரு டம்ளர் தண்ணி தருவீங்களா?"

அவருக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "இப்பவா? பைத்தியமா உனக்கு? உள்ள இருக்கற தண்ணிதான மூச்சை அடைக்குது! தருவனா நான்?"

ருக்மணி சாவியின் மேலிருந்த அவர் விரல்களைப் பார்த்தாள். பேசுவதற்கு இரண்டு மூச்சு சேர்க்க வேண்டியிருந்தது.

"அதுக்கு மட்டும் தருவீங்களா?"

நாச்சிமுத்து சாவியை உருவினார். தன்னிடம் வைத்துக்கொள்ளத் தைரியம் இல்லை. அவள் மடியில் வைத்தார். அவள் அதை வீங்கிய விரல்களுக்குள் வைத்து மூடிக்கொண்டாள்.

*

மாஸ்டர் தொடையளவு தண்ணீரில் நடந்து வந்தார். காக்கிச் சட்டை, தலையில் டூல்ஸ் பை. பையின் மேல் ஒரு பிளாஸ்டிக் கவரில் மடித்த துணிகள். பாதிதான் மடித்திருந்தது.

காரைப் பார்க்கவில்லை. ருக்மணி பக்கத்துக் கதவைத் திறந்து அவள் முகத்தைப் பார்த்தார்.

"சாஞ்சு உக்காராதீங்கக்கா. முன்னால குனிஞ்சே இருங்க."

மேட்டு டீக்கடையிலிருந்து நாலு பேரைக் கூவி அழைத்தார். நாச்சிமுத்துவும் இறங்கித் தோள் கொடுத்தார். கியரை விடுவித்து, அந்தப் பக்க மேட்டுக்குத் தள்ளினார்கள். ஈரச் சட்டையோடு ஆறு பேர், ஒரு கார், உள்ளே மூச்சு முட்டுகிற ஒரு மனுசி. பாதி மேட்டில் ஒருத்தர் கால் வழுக்கியது. மற்றவர்கள் விடவில்லை.

"தம்பி, நீங்க ஓடிப்போய் மெயின் ரோட்டுல ஆட்டோ கெடைக்குதான்னு பாருங்க. கெடைச்சா அக்கா மொதல்ல போகட்டும்," என்று தள்ளினவர்களில் ஒருவரை மாஸ்டர் அனுப்பினார். அவர் ஓடினார்.

மணி இரண்டு இருபது. மழை விட்டிருந்தது.

மாஸ்டர் பானட்டைத் தூக்கினார். எண்ணெய் அளவு பார்க்கிற கம்பியை உருவிப் பார்த்தார். வெளுக்கவில்லை, எண்ணெயில் தண்ணீர் கலக்கவில்லை. அலுமினியக் குழாயைக் கழற்றினார். கவிழ்த்ததும் அதிலிருந்து ஒரு சொம்புத் தண்ணீர் கொட்டியது. குழாயை நாச்சிமுத்துவின் கையில் கொடுத்தார். திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"துணி."

கொடுத்தார். வாயைத் துடைத்தார் மாஸ்டர்.

நாலு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றினார். இன்ஜின் தலையில் நாலு ஓட்டைகள் திறந்துகொண்டன.

"அக்கா, சாவி."

ருக்மணி புருசனைப் பார்த்தாள். சாவியை அவரிடம் தரவில்லை. மாஸ்டரின் கையில் வைத்தாள்.

"இப்ப அவருகிட்டத் தரலாங்களா?"

"இப்பத் தரலாமுங்கக்கா." மாஸ்டர் சாவியை நாச்சிமுத்துவிடம் நீட்டினார். "திருப்புங்ணா."

"பயமா இருக்குதுங்."

"வாய் தொறந்திருக்கு. இப்பத் திருப்பலாம்."

திருப்பினார். கர், கர் என்று இன்ஜின் சுற்றியது. நாலு ஓட்டையிலிருந்தும் தண்ணீர் பீச்சியடித்து பானட்டின் உள்தகட்டில் மோதிச் சிதறியது. தண்ணீர் பீச்சுவதைப் பார்த்து இருபத்தெட்டு வருசம் சந்தோசப்பட்ட மனுசன். அன்றைக்கு அவருக்கு அழுகை வந்தது. வந்ததை அடக்கவும் இல்லை.

தண்ணீர் நின்று, புகை மாதிரி ஈரக் காற்று வரும் வரைக்கும் திருப்பச் சொன்னார் மாஸ்டர். மூன்றாவது ஓட்டைக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோனார். உற்றுக் கேட்டார். நிமிர்ந்தார். பிளக்குகளைத் துடைத்து மாட்டினார். காற்று போகும் வாயில் ஒற்றை மடிப்புத் துணியை இழுத்துக் கட்டினார்.

இரண்டு ஐம்பத்திரண்டு. 108 இன்னும் வரவில்லை. ஆட்டோ தேடிப் போனவர் கையை விரித்துக்கொண்டு திரும்பி வந்தார்.

"பின்னால அக்காவைப் பிடிச்சுட்டு உக்காருங்ணா. நான் ஓட்டறேன்."

இன்ஜின் இருமியது. இன்னொரு தடவை இருமியது. பிடித்துக்கொண்டது. அதோடு கூட ஒரு தட்டலும் வந்தது. 'டொக், டொக், டொக்.' யாரோ உள்ளே மாட்டிக்கொண்டு கதவைத் தட்டுகிற மாதிரி.

மாஸ்டர் சைக்கிள் போகிற வேகத்தில் ஓட்டினார். ருக்மணி நாச்சிமுத்துவின் தோளில் நெற்றியை முட்டுக்கொடுத்திருந்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் அவள் முதுகு விம்மியது. மூச்சையும் தட்டலையும் அவர் மாறி மாறி எண்ணினார். எது முதலில் நிற்கும் என்று தெரியவில்லை.

"சித்த வேகமாப் போங்க மாஸ்டர். கும்பிடறேன்."

"இதுதான் இப்ப இதோட வேகமுங்ணா."

*

மூன்று மணி பன்னிரண்டு நிமிசத்துக்குத் தள்ளுநாற்காலி வார்டுக்குள் நுழைந்தது. அடுத்த ஆள் செருப்பைக் கழற்றி விட்டுவிட்டு எடை பார்க்க நின்றுகொண்டிருந்தார். ருக்மணியைப் பார்த்ததும் அவரே ஒதுங்கி நின்றார்.

"நாலரைக் கிலோ தண்ணி ஏறியிருக்கு. இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தா?" என்றாள் நர்ஸ். ஊசி குத்தி, மூக்கில் ஆக்சிஜன் மாட்டி, மெசினை ஓடவிட்டாள்.

மெசினின் முகப்பில் ஒரு சின்னச் சக்கரம் சுற்றியது. குழாயை அழுத்தி அழுத்தி ரத்தத்தைத் தள்ளுகிற பம்பு. நாச்சிமுத்து ஸ்டூலில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மடியில் அந்த அலுமினியக் குழாய் இன்னும் இருந்தது. எங்கே போடுவதென்று தெரியாமல் கூடவே தூக்கி வந்துவிட்டார்.

மாஸ்டர் சுவரோரம் ஈரத்தோடு நின்றார்.

ஒரு மணி நேரத்தில் ருக்மணியின் தோள்கள் இறங்கின. இரண்டாம் மணி நேரத்தில் அவளால் சாய்ந்து படுக்க முடிந்தது. கண்ணை மூடினாள்.

"மாஸ்டர்," என்றார் நாச்சிமுத்து மெதுவாக.

"ம்."

"மூணாவதுல தட்டுதுங்களா?"

"தட்டுது. பிஸ்டன் ராடு வளைஞ்சிருக்கும். இன்ஜினைப் பிரிக்கோணும்."

"எதனாலங்?"

"தண்ணி குடிச்சு நின்னப்பவே வளைஞ்சிருக்கலாம். இல்லாட்டி யாராவது சாவியைத் திருப்பியிருந்தா அதுல வளைஞ்சிருக்கலாம்." மாஸ்டர் அவர் மடியிலிருந்த குழாயைப் பார்த்தார். "நீங்கதான் திருப்பலையேங்ணா."

சக்கரம் சுற்றியது. நாச்சிமுத்து குழாயின் வாயை உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.

"போன்ல பொய் சொல்லிப்போட்டனுங் மாஸ்டர். திருப்பினேன். ஒரே ஒரு தடவைதானுங்."

பதில் கட்டிலிலிருந்து வந்தது. ருக்மணி கண்ணைத் திறக்கவில்லை.

"நானும் ஒரே ஒரு டம்ளருதானுங்க."